உள்ளே வந்தவர் யார்? ஜாவா நிரலில் வாடிக்கையாளரின் அமானிதம்



நாம் பினாங்கில் மசாலைச் சாமான்களும் அரிசியும் மொத்தமாக விற்கும் கடை வைத்திருக்கிறோம். நம்மிடம் சரக்கு எடுப்பவர்களில் அநேகர் நாசி கண்டார் கடைக்காரர்கள். முன்பெல்லாம் சிட்டை எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்புவார்கள். பின்பு போனில் சொன்னார்கள். இப்போது கைபேசியிலேயே நமது இணையப் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து, வேண்டியதைக் குறித்துவிடுகிறார்கள். அவரவர் பற்று வரவும், தர வேண்டிய பாக்கியும் அங்கேயே தெரியும். இந்த ஏற்பாட்டை ஜாவாவில் எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு கம்பெனியார்.

ரமலானுக்கு முந்திய வாரம் அது. எல்லோரும் ஒரே நேரத்தில் சரக்குக்கு விழுந்தார்கள். லுஹருக்குச் சற்று முன் ஒரு கடைக்காரர் தம் பெயரில் உள்ளே நுழைந்து பாக்கியைப் பார்க்கிறார். திரையில் இருந்ததோ அதே தெருவில் எதிர்வரிசையில் கடை வைத்திருக்கும் பெரியவருடைய கணக்கு. பெயர், தேதி, பாக்கி 18,400 வெள்ளி, எல்லாம் துலாம்பரமாக. பார்த்தவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனாலும் தேத்தண்ணி மேஜையில் வாய் சும்மா இருக்குமா? அஸருக்குள் அந்தச் செய்தி பெரியவர் காதுக்கே போய்விட்டது. அவருக்கு இறைச்சி கொடுப்பவர் மறுநாளே ரொக்கம் கேட்டாராம்.

பெரியவர் நமது கடைக்கு வந்து உட்கார்ந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. “தம்பி, கடனை எழுதி வைக்கச் சொல்லி அல்லாஹ் சொல்லியிருக்கிறான். எழுதினீர்கள். ஊருக்கு வாசித்துக் காட்டச் சொன்னது யார்?” என்றார். நம்மிடம் பதில் இல்லை. பகரா சூராவின் 282ஆம் ஆயத்து கடன் எழுதுவதைப் பற்றியது என்றும், குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து அதுதான் என்றும் மத்ரஸாவில் ஓதியவர்கள்தாம் நாம். எழுதியதைக் காப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்தது என்பது அன்று அவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

கம்பெனியாரைக் கேட்டோம். “இணையக் கோளாறு, வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகிவிடும்” என்றார்கள். மறுபடி நுழைந்தால் சரியாகத்தான் இருந்தது. அதுவே நமக்குச் சந்தேகத்தை உண்டாக்கிற்று. கோலாலம்பூரில் இதே தொழிலில் இருக்கும் நமது சகோதரி மகனை வரவழைத்தோம். அவர் இரண்டு இரவு உட்கார்ந்து நிரலைப் படித்தார். அவர் நமக்குச் சொன்ன பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். நமது படிப்பு மத்ரஸாவும் தொடக்கப் பள்ளியும். நமக்கு விளங்கியது யாருக்கும் விளங்கும்.

முதலில் அறிய வேண்டியது, இணையத்தின் மறதி. கைபேசியும் நமது கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு ஹெச்டிடிபி என்று பெயர். அந்தப் பாஷையில் ஒவ்வொரு கேள்வியும் புதிய கேள்வி. ஒரு நிமிஷத்திற்கு முன் கடவுச்சொல் கொடுத்தவர்தான் இப்போது மிளகாய் விலை கேட்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இந்த மறதிக்கு 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியிலிருந்த லூ மொன்டுல்லி என்பவர் ஒரு வழி கண்டார். அதுதான் குக்கி எனப்படுவது. பெரிய தர்காக்களில் செருப்பு விடுமிடத்தில் ஒரு வில்லை கொடுப்பார்களே, அதைப் போன்றது. வில்லையில் நம்பர் மட்டுமே இருக்கும். செருப்பு உள்ளே மாடத்தில் இருக்கும். ஜாவாவில் அந்த வில்லைக்கு ஜேசெஷன்ஐடி என்று பெயர். டோம்கேட் என்னும் சர்வர் 32 எழுத்துள்ள நம்பர் ஒன்றை யாரும் ஊகிக்க முடியாதபடி உண்டாக்கிக் கைபேசிக்குக் கொடுக்கிறது. உள்ளே அந்த நம்பருக்கு ஒரு மாடம். அந்த மாடம்தான் செஷன்.

வில்லை களவு போனால் செருப்பும் போகும். ஆகவே வில்லையைப் பக்கத்திலுள்ள சிறு நிரல்கள் படிக்க முடியாதபடி ஹெச்டிடிபி-ஒன்லி என்றும், பூட்டிய பாதையில் மட்டுமே போகும்படி செக்யூர் என்றும் குறித்து வைக்க வேண்டும். அதோடு, கடவுச்சொல் சரியென்று கண்டவுடன் பழைய நம்பரை மாற்றிப் புதியது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு திருடன் தான் முன்பே அறிந்த வில்லையை நமது வாடிக்கையாளர் தலையில் கட்டி, அவர் நுழைந்த பிறகு அதே நம்பரோடு தானும் நுழையலாம். 2013இல் வந்த சர்வ்லெட் 3.1 முதல் நம்பர் மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் செய்கிறார்களா என்று கேட்டால் போதும்.

நிற்க. உள்ளே வந்தவரைப் பற்றிய விஷயத்தை ஜாவா நிரலில் மூன்று இடங்களில் வைக்கலாம். பெட்டியடியில் ஒரு தட்டு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் கேட்டதை அதில் வைத்துக் கொடுத்தனுப்பியதும் தட்டு காலி. அது ரிக்வெஸ்ட், அந்த ஒரு கேள்விக்கு மட்டும். இரண்டாவது, மேலே சொன்ன மாடம், செஷன். அது அவர் ஒருவருக்கே உரியது, அவர் போகும்வரை இருக்கும். மூன்றாவது, கடைச் சுவரில் தொங்கும் கரும்பலகை; சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் என்பார்கள். அதில் எழுதியதைக் கடையில் நிற்கும் எல்லோரும் பார்க்கலாம். இன்றைய அரிசி விலையைச் சுவரில் எழுதலாம். ஒருவர் பாக்கியைச் சுவரில் எழுதுவோமா?

நமது நிரலில் நடந்தது இதைவிட மோசம். சுவரில் எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதியிருந்தார்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தப் பிழை மிகவும் சாதாரணமானது என்றும், பல இடங்களில் தாமே கண்டதுண்டு என்றும் மருமகன் சொல்கிறார்.

கேள்விக்குப் பதில் சொல்லும் ஜாவாப் பகுதிக்கு சர்வ்லெட் என்று பெயர். நாம் நினைத்தது, பத்துப் பேர் கேட்டால் பத்து சர்வ்லெட் எழுந்து பதில் சொல்லும் என்று. அப்படியல்ல. சர்வர் ஒரு சர்வ்லெட்டை ஒரே ஒரு தரம்தான் உண்டாக்குகிறது. கேள்வி கேட்பவருக்கு ஒருவராக ஏவலாட்கள் அந்த ஒன்றையே உபயோகிக்கிறார்கள். இந்த ஏவலாட்களுக்கு திரெட் என்று பெயர். டோம்கேட்டில் நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 200 பேர் வரை ஒரே சமயத்தில் வேலை செய்வார்கள்.

நாம் ஓதிய மத்ரஸாவில் ஆளுக்கொரு பலகை இருந்தது. மழைக்காலத்தில் பலகைகள் நனைந்துபோய் ஒரே பலகை மிஞ்சிய நாளும் உண்டு. ஒரு பையன் தன் பாடத்தை எழுதி, உஸ்தாதிடம் காட்ட எழுந்திருப்பதற்குள் அடுத்தவன் அதைத் துடைத்துத் தன் பாடத்தை எழுதிவிடுவான். முதல் பையன் உஸ்தாதிடம் கொண்டுபோனது அடுத்தவன் எழுத்தை. அடியும் வாங்கினான்.

கம்பெனியார் சர்வ்லெட்டின் உள்ளே, ஆனால் வேலை செய்யும் பகுதிக்கு வெளியே, “நடப்பு வாடிக்கையாளர்” என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். சர்வ்லெட் ஒன்றே என்பதால் அந்தப் பெட்டியும் ஒன்றே. முதல்வர் வந்தார், பெட்டியில் அவர் பெயர் எழுதப்பட்டது. அவர் பாக்கியைத் தேடிப் போவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் இடைவெளி. அந்த இடைவெளியில் பெரியவர் நுழைந்தார். பெட்டியில் அவர் பெயர் எழுதப்பட்டது. இப்போது முதல்வருடைய ஏவலாள் பெட்டியைப் பார்த்து, அதிலிருந்த பெயருக்குப் பாக்கியைத் தேடிக் கொண்டுவந்தான். முதல்வர் திரையில் பெரியவர் கணக்கு. சாதாரண நாளில் இரண்டு பேர் அப்படி நெருங்கி வருவது அபூர்வம். ஆகவே மாதக்கணக்கில் பிழை வெளியே தெரியவில்லை. ரமலான் கூட்டம் அதைக் காட்டிக்கொடுத்தது. மறுபடி நுழைந்தபோது சரியானதன் காரணமும் இதுதான். அந்தத் தரம் குறுக்கே யாரும் வரவில்லை.

பெட்டியை ஸ்டாடிக் என்று குறித்தாலும் இதே கதிதான். ஸ்பிரிங் என்னும் சட்டகத்தில் எழுதினால் தப்பலாமென்று சிலர் எண்ணலாம். அதிலும் பொருள்கள் வேறு சொல்லாவிட்டால் ஒன்றே உண்டாகின்றன. அவற்றுக்குள் வாடிக்கையாளர் பெயரை வைத்தால் அதே பலகைதான். முற்காலத்தில் சர்வ்லெட்டை ஒரு சமயத்தில் ஒருவரே உபயோகிக்கும்படி சிங்கிள்-திரெட்-மாடல் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அது குறையை முழுதும் தீர்க்காததால் 2003இல் வந்த சர்வ்லெட் 2.4இலேயே கைவிடத்தக்கது என்று சொல்லிவிட்டார்கள். இதற்குப் பரிகாரம் சுலபம். பெட்டியை வேலை செய்யும் பகுதிக்குள்ளேயே வைத்தால் ஒவ்வொரு ஏவலாளுக்கும் தனிப் பெட்டி. நீடித்து இருக்க வேண்டியதை மாடத்தில் வைக்க வேண்டும். மருமகன் மாற்றிய வரிகள் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொரு வரிக்குத்தான் பெரியவர் அவ்வளவு பாடுபட்டார்.

கம்பெனியார் ஏன் அப்படி எழுதினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விலை போடும் பகுதிக்கு யார் வாங்குகிறார் என்று தெரிய வேண்டும். தள்ளுபடி ஆளுக்கு ஆள் வேறு. சரக்கு ஒதுக்கும் பகுதிக்கும் பட்டியல் அடிக்கும் பகுதிக்கும் தெரிய வேண்டும். ஒவ்வோர் இடத்திற்கும் பெயரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பது சலிப்பு. ஆகவே எல்லோருக்கும் எட்டும்படி ஓரிடத்தில் வைத்துவிட்டார்கள். கைமாற்றிக் கொடுப்பதே நேர்வழி என்பது நமது அபிப்பிராயம். சலிப்பாக இருந்தால் இருக்கட்டும். இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வோர் ஏவலாளுக்கும் சட்டைப்பை ஒன்று கொடுத்து, பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிடுவது. திரெட்-லோகல் என்பது அது. ஸ்பிரிங் செக்யூரிட்டி சாதாரணமாக இப்படித்தான் வைத்துக்கொள்கிறது. அந்த ஏவலாள் எங்கே போனாலும் பையைப் பார்த்தால் யாருக்காக வேலை செய்கிறோம் என்று தெரியும். மற்றவன் பையில் கை போகாது.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. ஏவலாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த வாடிக்கையாளருக்கு அவனே வருகிறான். பையைக் காலி செய்யாமல் விட்டால் முன்னவர் சீட்டு பின்னவருக்கு உதவும். நாம் தப்பி வந்த குழியிலேயே மறுபடி விழுவோம். வேலை நல்லபடி முடிந்தாலும் நடுவில் முறிந்தாலும் பையைக் காலி செய்யும் கட்டளை கட்டாயம் நடக்கும்படி, ஃபைனலி என்ற இடத்தில் அதை எழுத வேண்டும். இன்னொன்று. பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும் வேலையைப் பின்னால் வேறு ஏவலாளிடம் ஒப்படைத்தால் அவன் பையில் சீட்டு இருக்காது. அங்கே பெயரைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

மாடத்தில் எதை வைப்பது? வாடிக்கையாளர் எண், பெயர், அவர் முதலாளியா சிப்பந்தியா என்ற அந்தஸ்து. இவ்வளவு போதும். கடவுச்சொல்லை ஒருக்காலும் வைக்கலாகாது. பேரேட்டையே தூக்கி மாடத்தில் வைப்பதும் தவறு. காலையில் நுழைந்தவரின் மாடத்தில் கடன் வரம்பு 5,000 வெள்ளி என்று இருக்கும். பத்து மணிக்கு நாம் அதை 2,000 ஆகக் குறைத்திருப்போம். பகலில் அவர் 4,500க்குச் சரக்கு எடுப்பார், நிரலும் அனுமதிக்கும். இது நமக்கு நடந்தது. எண்ணை மட்டும் வைத்து, பாக்கியையும் வரம்பையும் அவ்வப்போது பேரேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அறிவது முதலாளிக்கு அவசியம். ஒரு சிப்பந்தி கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். அவர் கைபேசியிலோ பழைய வில்லை இருக்கிறது. வில்லை செல்லும்வரை கடவுச்சொல்லை யாரும் கேட்கப் போவதில்லை! ஆகவே மாடத்தையே இடிக்க வேண்டும். அதற்கு, எந்த ஆளுக்கு எந்த மாடம் என்ற ஜாபிதா ஒன்று வேண்டும். இதை மட்டும் சுவர்ப்பக்கத்தில், அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவான இடத்தில் வைக்கலாம். அதிலும் எண்கள் மாத்திரம், பாக்கியோ விலாசமோ கூடாது. பல ஏவலாட்கள் ஒரே சமயத்தில் எழுதுவதால் சாதாரண ஹாஷ்மேப் உதவாது. கன்கரன்ட்-ஹாஷ்மேப் என்பதை உபயோகிக்க வேண்டும்.

ஜாபிதாவில் பெயர் சேர்ப்பது எளிது, நீக்குவதில்தான் கஷ்டம். “வெளியேறு” என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்? அநேகர் கைபேசியை மடியில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். டோம்கேட்டில் மாற்றாவிட்டால், 30 நிமிஷம் கேள்வி ஒன்றும் வராத மாடம் தானே காலாவதியாகும். அப்போது ஹெச்டிடிபி-செஷன்-லிசனர் என்னும் காவல்காரனுக்குச் செய்தி போகும். அவன் ஜாபிதாவிலிருந்து பெயரை அடிக்க வேண்டும். ஆகவே ஜாபிதாவில் பெயர் இருப்பதால் ஆள் இந்த நிமிஷம் இருக்கிறார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்பிரிங் செக்யூரிட்டியில் செஷன்-ரெஜிஸ்ட்ரி என்று இது தயாராகவே கிடைக்கிறது. நமது பக்கத்தில் இப்போது ஒருவர் பெயருக்கு எதிரே ஒரு பொத்தான்; அமுக்கினால் அவர் எந்தக் கைபேசியில் இருந்தாலும் வெளியேதான்.

வியாபாரம் பெருத்து இரண்டு சர்வர் வைத்தால், ஒன்றிலுள்ள மாடம் மற்றதற்குத் தெரியாது. ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது ஒரு வழி. அந்த சர்வர் படுத்தால் அவர் மறுபடி கடவுச்சொல் கொடுக்க வேண்டும். மாடங்களையெல்லாம் ரெடிஸ் போன்ற பொதுக் கிட்டங்கியில் வைப்பது மற்றொரு வழி. ஒரே டோம்கேட்டில் இரண்டு தனி நிரல்கள் ஓடினாலும் ஒன்றின் செஷன் மற்றதற்கு எட்டாது. அது குறையல்ல, அப்படித்தான் விதித்திருக்கிறார்கள்.

பொதுக் கிட்டங்கியிலும் சரக்கு மாறிப்போகும். 2023 மார்ச் 20ஆம் தேதி சாட்ஜிபிடி நடத்தும் ஓப்பன்ஏஐ கம்பெனியில், ரெடிஸுடன் பேசும் ஒரு துணை நிரலின் பிழையால் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன; பணம் கட்டுபவர்களில் அந்தச் சில மணி நேரத்தில் உபயோகித்தவர்களில் 1.2 சதவீதத்தினரின் கட்டண விவரங்களில் ஒரு பகுதி பிறருக்குத் தெரிந்திருக்கலாம் என்று அவர்களே அறிவித்தார்கள். 2015 டிசம்பர் 25இல் ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியில், பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கும் ஏற்பாடு தவறியதால் ஒருவர் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போயிற்று. அவை ஜாவாவின் குற்றம் அல்ல. ஆனால் பொதுவிடத்தில் தனி மனிதர் விஷயம் கலந்ததென்பதில் ஒன்றே. இதற்காக, பாக்கி காட்டும் பக்கங்களை இடையில் யாரும் பிரதியெடுத்து வைக்கலாகாதென்று நோ-ஸ்டோர் என்ற குறிப்போடு அனுப்ப வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம். பெருந்தீங்கு உண்டாகுமானாலோ, 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, அதை மதிப்பிட்டு அறிந்ததிலிருந்து 3 நாளைக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டுமென்பது 2021 பிப்ரவரி முதல். நிரலை எழுதியவர் வேறொருவர் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. கணக்கு நமது பெயரில் இருக்கிறது.

எழுதிக் கொடுத்தவர்களைச் சோதிக்காமல் நம்பியது நமது தவறு. இரண்டு கைபேசியை எடுத்து இரண்டு பெயரில் நுழைந்து பார்ப்பதை நாமும் செய்தோம். அதில் இந்தப் பிழை அகப்படவே இல்லை. கூட்டம் வேண்டும். ஜேமீட்டர் என்று ஒரு கருவி விலையில்லாமல் கிடைக்கிறது. பல பேர் ஒரே சமயத்தில் நுழைவது போல அது பாவனை செய்யும். மருமகன் 50 பொய்ப் பெயர்களை உண்டாக்கி, ஒவ்வொன்றின் பாக்கியையும் வெவ்வேறு தொகையாக எழுதி, பழைய நிரலின் மேல் அதை ஏவினார். 2,000 கேள்விகளில் 7 கேள்விக்கு மாற்றார் பாக்கி பதிலாக வந்தது. “மாமா, இணையக் கோளாறு இதுதான்” என்று திரையைக் காட்டினார். திருத்திய நிரலில் 20,000 கேள்வி கேட்டும் ஒன்றும் மாறவில்லை. அந்தத் தாள்களைக் கம்பெனியாருக்கு அனுப்பினோம். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள்.

தாள்களை எடுத்துக்கொண்டு பெரியவரிடமும் போனோம். “அண்ணே, உங்கள் கணக்கு வெளியே போனது எங்கள் தவறு” என்று சொல்லி, எப்படி நடந்ததென்று பலகைக் கதையையும் சொன்னோம். கேட்டுக்கொண்டார். பாக்கியை இரண்டு மாதத்தில் தீர்த்துவிட்டார். சரக்கு இன்றும் நம்மிடம்தான் எடுக்கிறார். ஆனால் கைபேசியில் அல்ல. பழையபடி சிட்டை எழுதி, மடித்து, பையனிடம் கொடுத்தனுப்புகிறார்.